அயர்லாந்து கிராமத்துப் பையன், லண்டனில் பள்ளம் தோண்டுபவன்: மேடையில் வேலையைச் சரியாகக் காட்டுவது எப்படி?

ஜெலுத்தோங் டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கில் நாற்பது நிமிஷ நாடகம் ஒண்ணு ஒத்திகையில் இருக்கு. கதை நடக்கிற இடம் அயர்லாந்தின் மேற்குக் கரை, மேயோ மாவட்டம். ஏழைக் குடியானவர் வீட்டு நாலாவது பிள்ளை. 1940-களில் சின்னப் பையன், 1950-களில் லண்டனில் பள்ளம் தோண்டுற கூலி ஆள். வசனம் முடிஞ்சது, வேலைதான் உதைக்குது.

பையன்கள் சங்கூலை, அதாவது மண்வெட்டியை, தலைக்கு மேல ஓங்கி வெட்டுறாங்க. பார்த்தா நம்ம தோட்டத்தில் கான் (வடிகால்) வெட்டுற மாதிரியே இருக்கு. பார்க்க வர்றவங்களில் பாதிப் பேர் தோட்டத்தில் வளர்ந்தவங்க. வேலை பொய்யா இருந்தா முதல் வெட்டிலேயே கண்டுபிடிச்சிடுவாங்க.

அடுப்புக்கு மண்ணையே வெட்டிக் காயவைச்சு எரிப்பாங்களாமே, அதை யார் எப்படி வெட்டினாங்க? இரண்டாம் காட்சியில் 12 வயசுப் பையனைச் சந்தையில் நிறுத்தி ஆறு மாசக் கூலிக்கு விடுறதா எழுதியிருக்கேன், அது சரியா? லண்டன் காட்சியில் கையில் என்ன கருவி? சம்பளத்தை எங்கே, எப்படி வாங்கினாங்க? மேடை 20 அடி அகலம், ஆள் ஏழு பேர்.

சதுப்புநிலம்:

டீச்சர், முதல் வேலையா சங்கூலை மேடையிலிருந்து இறக்கிடுங்க. சங்கூல் ஓங்கி இறக்கித் தன் பக்கம் இழுக்கிற கருவி. அயர்லாந்து மண் கருவிகள் பெரும்பாலும் காலால் மிதிச்சு, கையால் நெம்பி, எதிர்ப்பக்கம் தள்ளுறவை. இடுப்பு வளைகிற விதமே வேற. பையன்களுக்கு இதை மட்டும் ஒரு வாரம் பழக்கினாலே பாதி பிரச்சினை தீரும்.

எரிக்கிற மண் வேற ஒண்ணும் இல்ல, நம்ம ஊர் தானா கம்புட், அதாவது கரிச் சதுப்புமண்தான். வறட்சியில் கோலா லங்காட் பக்கம் தீப்பிடிச்சா நாள்கணக்கில் உள்ளுக்குள்ளேயே புகையுமே, அதே சாதி. நம்ம ஊரில் மரம் மக்கி வந்தது. அங்கே பாசியும் கோரைப்புல்லும் மக்கி வந்தது, அதனால கோதுமை அல்வா மாதிரி வழுக்கிக்கிட்டு வெட்டுப்படும். ஆங்கிலத்தில் டர்ஃப் என்பாங்க.

வெட்டுற கருவிக்குப் பேர் ஷ்லான். நாலு அங்குல அகல மண்வாரிதான், ஆனா இலையின் ஒரு ஓரத்தில் இன்னொரு சின்ன இலை செங்குத்தா மடங்கி நிற்கும். அதனால ஒரே மிதியில் இரண்டு பக்கம் வெட்டுப்படும். மற்ற இரண்டு பக்கமும் முந்தின வெட்டிலேயே திறந்திருக்கும். அடியில் மட்டும் நெம்பினா கட்டி அப்படியே கருவி மேல ஏறி உட்காரும். ஏறக்குறைய 4 அங்குலம், 4 அங்குலம், நீளம் ஒரு அடி. எடை 3 கிலோ. அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணி.

வேலை இந்த வரிசையில் நடக்கும். முதல்ல மேல் புல்தரையை ஒரு அடி ஆழத்துக்குச் சீவி, போன வருஷம் வெட்டின பள்ளத்தில் புல் பக்கம் மேலே இருக்கிற மாதிரி பரப்புவாங்க. அப்புறம் ஒருத்தர் வெட்டுவார். இன்னொருத்தர் கட்டியைக் கையில் வாங்கித் தள்ளுவண்டியில் அடுக்குவார். அந்த வண்டிக்குப் பக்கப் பலகை கிடையாது, வெறும் தட்டு. மூணாவது ஆள் தள்ளிக்கிட்டுப் போய்ப் புல்வெளியில் கவிழ்த்துப் பரப்புவார். உங்க ஏழு பேரில் மூணு பேர் போதும். வாங்குற ஆளும் வெட்டுற ஆளும் ஒரே தாளத்தில் இருக்கணும். தாளம் தப்பினா கட்டி உடையும். உடைஞ்ச கட்டி காயாது, தூளாகிப் போகும்.

மேல் அடுக்கு பழுப்பு நிறம், நார் அதிகம், பொசுக்குன்னு எரிஞ்சு தீரும். அடி அடுக்கு கறுப்பு, கெட்டி, சூடும் நேரமும் அதுக்குத்தான். அதனால் ஆழம் போகப்போக ஆசை கூடும், கூடவே தண்ணி ஊறிக் கரை சரியும்.

வெட்டு ஏப்ரல் கடைசியில் தொடங்கும். அவசரப்பட்டு முன்னாடியே வெட்டினா உறைபனி பிடிச்சு, உள்ளே இருக்கிற தண்ணி ஐஸ் ஆகி, கட்டி உதிர்ந்துடும். பரப்பி ஒண்ணு இரண்டு வாரத்தில் மேலே தோல் மாதிரி கட்டும். அப்போதான் பொம்பளைகளும் பிள்ளைகளும் இறங்குவாங்க. நாலஞ்சு கட்டியைக் கூம்பு மாதிரி ஒண்ணோடொண்ணு சாய்ச்சு நிறுத்தி, உச்சியில் ஒண்ணைப் படுக்க வைக்கணும். காத்து ஊடே போகணும், அதுதான் சூட்சுமம். நாள் முழுக்கக் குனிஞ்சபடி ஆயிரக்கணக்கான கட்டி. அம்மா முதுகு போறது இந்த இடத்தில்தான், வெட்டுறதில் இல்ல. உங்க நாடகத்தில் அம்மாவை அடுப்படியிலேயே உட்காரவைச்சிருந்தா வெளியே கொண்டுவாங்க.

காய்ஞ்ச கட்டி அரைக் கிலோகூட வராது, அளவும் பாதிக்குக் கீழே சுருங்கிடும். ஒரு தடவை நல்லா காய்ஞ்சுட்டா மழை பட்டாலும் திரும்ப ஊறாது. காயறதுக்கு முன்னாடி மழை விடாம பிடிச்சா அந்த வருஷம் அடுப்பு போச்சு. 1946-ல் விடாத மழை, அறுவடையே கெட்டது. அதுக்குப் பின்னாடியே 1947 பிப்ரவரியில் பெரும்பனி. எரிக்க ஒண்ணும் இல்லாம நாடே நடுங்கின மாசம் அது. உங்க கதைக்குக் காலம் சரியா பொருந்துது.

இன்னொண்ணு. பள்ளிக்கூட அடுப்புக்கும் வீட்டிலிருந்துதான் டர்ஃப் போகணும். பையன் கக்கத்தில் புத்தகத்தோட ஒரு கட்டி இடுக்கிக்கிட்டு, மே மாசத்திலிருந்து வெறுங்காலோட நடந்து வர்றதைக் காட்டினா வறுமையைப் பத்தி ஒரு வசனமும் தேவைப்படாது.

பட்டர்வொர்த் வாசகன்:

மேலே சொன்னது சரி. ஆனா இரண்டாம் காட்சி இடிக்குது. கூலிக்கு ஆள் பிடிக்கிற சந்தை முக்கியமா அயர்லாந்தின் வடக்கே இருக்கிற அல்ஸ்டர் பகுதி வழக்கம். ஸ்ட்ராபேன், லெட்டர்கென்னி மாதிரி ஊர்களில் மே மாசமும் நவம்பரும் கூடும், ஆறு மாசத்துக்குப் பேச்சு. அந்தப் பக்கத்து டோனகல் மாவட்டப் பிள்ளைகள்தான் அதிகம் போனாங்க. 1940-களில் அதுவும் அணைகிற நிலை. மேயோ பையனை அங்கே நிறுத்தாதீங்க.

அவனுக்குப் பொருந்துறது ஸ்காட்லாந்து உருளைக்கிழங்கு அறுவடை. மேயோவைச் சேர்ந்த ஆக்கில் தீவிலிருந்து குழு குழுவா போவாங்க. ஆணும் பெண்ணும், பதின்ம வயசுப் பிள்ளைகளும் உண்டு. இயந்திரம் கிளறிவிட்ட கிழங்கை மண்டிபோட்டுப் பொறுக்கணும், ராத்திரி மாட்டுக்கொட்டகையிலோ பண்ணைக் குடிசையிலோ வைக்கோல் மேல படுக்கை. 1937 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் கிர்கின்டில்லோக் ஊரில் அப்படி ஒரு குடிசை தீப்பிடிச்சு ஆக்கில் பையன்கள் பத்துப் பேர் இறந்தாங்க. உங்க கதை நடக்கிற காலத்தில் மேயோவில் அதை அறியாத வீடு இருக்காது. மகனை அனுப்புற தாய் வாயில் அந்த ஊர்ப்பேர் வந்தா போதும், விளக்கம் வேண்டாம்.

பையனுக்கு 12 வேண்டாம், 14 ஆக்குங்க. கட்டாயப் படிப்பு 14 வரைதான், 1972-ல்தான் 15 ஆச்சு. 1943-லிருந்து ஆரம்பப் பள்ளி முடிக்கிறப்ப ஒரு சான்றிதழ் பரீட்சை கட்டாயம். அதுக்கு மேல படிக்கணும்னா காசு. இலவச இடைநிலைக் கல்வி 1967-ல்தான் வந்தது. நிலமும் ஒரு மகனுக்குத்தான் எழுதுவாங்க. நாலாவது பிள்ளைக்குக் கப்பல்தான்.

12 வயசுக் காட்சியை விட மனசில்லைன்னா உருளைக்கிழங்குக்கு மருந்தடிக்கிறதைப் போடுங்க. மேடையில் நீல நிறம் நல்லா எடுக்கும். 8 ராத்தல் மயில்துத்தம், 10 ராத்தல் சலவைச் சோடா, 40 கேலன் தண்ணி. இரண்டையும் தனித்தனியா கரைச்சு, சோடாத் தண்ணியைத் துத்தத் தண்ணியில் கலக்கிக்கிட்டே ஊத்தணும். பீப்பாய் மரத்தில் இருக்கணும். இரும்பு வாளியில் கரைச்சா துத்தத்தில் இருக்கிற செம்பு இரும்பில் போய் ஒட்டிக்கும், மருந்தில் ஒண்ணும் மிஞ்சாது. சோடா குறைஞ்சா இலை கருகும். கலந்த அன்னைக்கே அடிச்சு முடிக்கணும், ராத்திரி வைச்சா வண்டல் கட்டித் தெளிப்பான் முனை அடைச்சுக்கும். தண்ணி சுமக்கிறது பிள்ளைகள் வேலை. தெளிப்பான் வாங்க வக்கில்லாத வீட்டில் புதர்ச்செடி விளக்குமாறை வாளியில் முக்கி உதறுவாங்க. இலையின் அடிப்பக்கம் மருந்து படாது, நோய் அங்கேயிருந்துதான் ஏறும். அடிச்ச ஒரு மணி நேரத்தில் மழை வந்தா திரும்பவும் முதலிலிருந்து. 1845-ல் பஞ்சத்தைக் கொண்டுவந்த அதே நோய்க்கிருமிக்குத்தான் இந்த மருந்து. அப்போ செத்தவங்க ஏறக்குறைய பத்து லட்சம்.

செந்தூல் மேஸ்திரி:

லண்டன் காட்சிக்கு நான் சொல்றேன்.

கருவி மூணு. குத்துக்கோடாலி, அதாவது பிக். அடுத்தது கிராஃப்ட், இலை ஒடுக்கமா நீளமா இருக்கும், களிமண்ணை வெட்டத்தான். மூணாவது நீளப்பிடி ஷவல். நம்ம ஷவலுக்குப் பிடி குட்டை, நுனியில் வளையம். அயர்லாந்துக்காரன் ஷவலுக்கு அஞ்சடி நேர் கம்பு, வளையமே கிடையாது, இலை கூராகி நிற்கும். கம்பைத் தொடை மேல சாய்ச்சு, முழங்காலால் உந்தி உள்ளே தள்ளுவான். கை தூக்குறதில்ல, தொடை தூக்குது. உங்க பையன்கள் கையால் அள்ளினா பத்து நிமிஷத்தில் மூச்சு வாங்கும், பார்க்கிறவங்களும் நம்ப மாட்டாங்க.

லண்டன் மண் பசைக்களி. கருவியில் ஒட்டிக்கிட்டு விழாது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணி இருக்கும், ரெண்டு வெட்டுக்கு ஒரு தடவை கிராஃப்டை அதில் முக்கி எடுப்பான். இந்த ஒரு சைகையை மறக்காம வைங்க.

கேபிள் பள்ளம்னா கணக்கு இப்படி: ரெண்டடி அகலம், நாலடி ஆழம், மூணடி நீளம் வெட்டினா 24 கன அடி. களிமண்ணில் அது 1.3 டன் வரும். வெளியே எடுத்தா காத்து புகுந்து கால் பங்காவது உப்பும். அந்தக் குவியலைப் பள்ளத்து விளிம்புக்கு ரெண்டடி தள்ளிக் கொட்டணும். முதல் மணி நேரத்தில் எல்லாரும் ஒழுங்கா தள்ளிப் போடுவான், சாயங்காலம் கை சோர்ந்ததும் விளிம்பிலேயே விழும். அந்த பாரமே கரையை உள்ளே தள்ளும்.

நாலடிக்கு மேல போனா பலகை முட்டு கொடுக்கணும். நிற்கிற பலகை, அதுக்குக் குறுக்கே படுக்கிற கட்டை, ரெண்டு கரைக்கும் நடுவே இறுக்குற முட்டுக்கட்டை. அடி கணக்குக்குக் காசு பேசின கொந்திராக்கில் முட்டு அடிக்கிற நேரத்துக்குச் சம்பளம் இல்ல. அதனால அடிக்க மாட்டான், சரிவு அங்கேதான் வருது. அறிகுறி இருக்கு: விளிம்புக்கு இணையா தரையில் முடி மாதிரி விரிசல், கரையின் நடுவயிறு புடைக்கிறது, சின்ன மண் உருண்டை பொலபொலன்னு விழுறது. நெஞ்சு வரை புதைஞ்சாலே போதும், தலை வெளியே இருந்தாலும் மூச்சை உள்ளே இழுக்க முடியாது. புதைஞ்சவனை இழுக்கிறேன்னு இன்னொருத்தன் குதிச்சா ரெண்டாவது சரிவு. கோலாலம்பூரில் மூணு மணி மழைக்கு அப்புறம் இதே கதைதான், மண்தான் வேற.

ஆளுயரத்துக்கு மேல ஆழம் போனா ஒருத்தன் வீசி வெளியே போட முடியாது. நடுவில் பலகைத் தட்டு கட்டி, கீழே இருக்கிறவன் தட்டில் போடுவான், தட்டில் நிற்கிறவன் மேலே போடுவான். மேடையில் ரெண்டு மட்டம் இருந்தா இதை அழகா காட்டலாம்.

உடுப்பு: புதுசா வந்தவன் ஞாயித்துக்கிழமை கோட்டையே போட்டுக்கிட்டு வேலைக்கு நிற்பான், அவன்கிட்ட வேற இல்ல. பழகினவன் கால்சட்டையை முழங்காலுக்குக் கீழே கயிறு போட்டுக் கட்டுவான். குனியும்போது துணி முழங்காலை இழுக்காது. காலையில் பள்ளத்தோரம் தீ மூட்டி, ஷவலைத் தேய்ச்சுக் கழுவிச் சூடாக்கி அதிலேயே பன்றி இறைச்சியும் முட்டையும் பொரிப்பாங்க. பள்ளிக்கூட நாடகம்னா முட்டை மட்டும் வைச்சுக்குங்க லா.

பழைய கிராணி:

சம்பளத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கதையின் முதுகெலும்பு அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

விடிகாலை ஆறு மணிக்கு கேம்டன் டவுன், கிரிக்கிள்வுட் போன்ற இடங்களில் ஆட்கள் தெருவோரம் நிற்பார்கள். லோரியோ வேனோ வரும். கேங்கர், அதாவது ஆட்களை மேய்க்கும் மேலாள், இறங்கி, நீ, நீ என்று விரலால் காட்டுவான். விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தும் நம் தோட்டத்துப் பெரட்டுக்களம் நினைவுக்கு வரும். கேங்கர், கங்காணி என்ற ஒலி ஒற்றுமை தற்செயல்தான். நம் சொல் கண்காணியிலிருந்து வந்தது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். பெரட்டில் செக்ரோல் எனும் பெயர்ப் பதிவேடு உண்டு. பெயர் ஏறும். கேம்டனில் பெயரே வேண்டாம். சொன்ன பெயர் பொய்யாக இருந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள்.

பிரிட்டனில் 1948 ஜூலை 5 முதல் தேசியக் காப்புறுதித் திட்டம் நடப்புக்கு வந்தது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் அட்டை. முதலாளி அதை வாங்கி வைத்துக்கொண்டு வாரம் ஒரு முத்திரை ஒட்டவேண்டும். ஒரு பங்கு ஆள் சம்பளத்தில் பிடிப்பு, மீதியை முதலாளி போடவேண்டும். நோய்ப்படி, வேலையில்லாப் படி, முதுமை ஓய்வூதியம் எல்லாம் அந்த முத்திரை எண்ணிக்கையைப் பொறுத்தது. துணைக் கொந்திராக்டர் என்ன சொல்வான்? "அட்டையா, ரொக்கமா?" ரொக்கம் என்றால் கையில் கொஞ்சம் கூடுதல். இருபது வயதில் யார் அட்டை கேட்பான்? அறுபது வயதில் முதுகும் முழங்காலும் போனபின் கணக்கைப் பார்த்தால் முப்பது வருட உழைப்புக்கு முத்திரை இல்லை. அந்த ஆள் அங்கே வேலை செய்ததற்கே தாளில் சாட்சி இல்லை.

இங்கே இபிஎஃப் எனும் சேமநிதி 1951-ல் வந்தது, சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1969. கொந்திராக்கில் ஓடிய நம் ஆட்களிலும் புத்தகத்தில் பெயர் இல்லாதவர்கள் உண்டு. பார்வையாளருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

சம்பள நாளில் சிலருக்குக் காசோலை. வங்கிக் கணக்கு இல்லாதவன் அதை மதுக்கடையில்தான் மாற்றுவான். கடைக்காரன் கொஞ்சம் பிடித்துக்கொள்வான், அல்லது வாங்கிக் குடிக்கும்வரை காக்கவைப்பான். அயர்லாந்துக்காரன் குடிகாரன் என்று எழுதும் நாடகங்கள் இந்தக் கவுண்டரைக் காட்டுவதில்லை. நம் கள்ளுக்கடைக் கதையும் அப்படித்தான்.

வீட்டுக்குப் பணம் பதிவுத் தபாலில் போகும். நடிகர் எண்ணும்போது தவறக்கூடாது: ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். அக்கால மலாயா வெள்ளி 2 ஷில்லிங் 4 பென்ஸ். ஆக ஒரு பவுன் சுமார் 8 வெள்ளி 57 காசு. 7 ஷில்லிங் சரியாக 3 வெள்ளி.

ஒரு எச்சரிக்கை. இரண்டையும் ஒன்றென்று காட்டிவிடாதீர்கள். நம்மவரில் ஒரு பகுதி ஒப்பந்தக் கூலியாக வந்தது, அது 1910-ல் நின்றது. பிறகு கங்காணி முறை, அதையும் 1938-ல் இந்தியா நிறுத்தியது. கங்காணிக்கு ஆள் கணக்கில் தலைக்காசு உண்டு. மேயோ பையனுக்குக் கடன்சீட்டு கிடையாது. டன் லேரியில் கப்பலேறி ஹோலிஹெட்டில் இறங்கி ரயிலில் யூஸ்டன் போனால் அன்றே எந்த வேலைக்கும் போகலாம், பிரிட்டனில் ஓட்டும் போடலாம். அவனைக் கட்டியிழுத்து யாரும் கொண்டுபோகவில்லை. ஊரில் அவனுக்கு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

ஜெலுத்தோங் டீச்சர்:

ஐயா, அண்ணன்மாரே, ரொம்ப நன்றி. சந்தைக் காட்சியை எடுத்தாச்சு, நீல வாளி வருது. கடைசிக் காட்சியில் வெறும் அட்டையைக் கையில் பிடிச்சுக்கிட்டு நிற்க வைக்கப் போறேன். இன்னும் ரெண்டு கேள்வி: டர்ஃப் கட்டியை இங்கே எதில் செய்யலாம்? அப்புறம், அடுப்பை ராத்திரி அணைப்பாங்களா?

சதுப்புநிலம்:

செடிக்கடையில் கோகோபீட் கட்டி கிடைக்கும். ஊறவைச்சுப் பிழிஞ்சு, வெள்ளைப் பசையோட பிசைஞ்சு, பால் டப்பா அட்டையை நீளவாக்கில் அறுத்து அச்சா வைச்சு அமுக்குங்க. மைதாப் பசை வேண்டாம், பினாங்கு ஈரத்தில் மூணாம் நாள் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் நாலஞ்சு நாள், திருப்பித் திருப்பி. ஈரக் கட்டிக்குத் தனியா ஒரு பத்துச் செய்யுங்க, உள்ளே இரண்டரைக் கிலோ மணல் பொட்டலம் வைச்சு மூடி, மேலே கறுப்புச் சாயம். எடை நிஜமா இருந்தா வாங்குறவன் கை தானா தாழும், நடிக்கவேண்டியதில்ல. காய்ஞ்சதும் அளவு சின்னதா இருக்கணும், ஒரே அச்சில் ரெண்டையும் செய்யாதீங்க.

அடுப்பை அணைக்கவே மாட்டாங்க. ராத்திரி கனல் கட்டிகளை ஒண்ணா ஒதுக்கிச் சாம்பலால் மூடுவாங்க, காத்து கொஞ்சமா போகும். காலையில் கிளறி மேலே காய்ஞ்ச கட்டி நாலு வைச்சா பிடிச்சுக்கும். சாம்பல் மெல்லிசா போட்டா விடியறதுக்குள்ள எரிஞ்சு தீர்ந்துடும், அழுத்திப் போட்டா மூச்சடைச்சுச் செத்துடும்.

செந்தூல் மேஸ்திரி:

ஒண்ணு விட்டுட்டேன். மண்வாரி மிதிக்கிறப்ப ஏழு பேரும் ஒரே காலால் மிதிக்கட்டும். அயர்லாந்தின் மேற்குப் பக்கத்துக் கருவிகளில் பலதுக்கு மிதிபடி ஒரு பக்கம் மட்டும்தான். இடங்காலால் தோண்டுறவன்னா கத்தோலிக்கன்னு வடக்கே கிண்டல் பேச்சே உண்டு. ஒருத்தன் வலது, ஒருத்தன் இடதுன்னு மிதிச்சா கம்புகள் ஒண்ணோடொண்ணு இடிக்கும், 20 அடி மேடையில் யார் பல்லாவது போயிடும்.